பந்து வாங்கிக் கொடுத்தவர்கள்

சிற்றூர் ஒன்றின் கால்பந்தாட்டக் குழுவுக்குச் சரித்திரம் எழுத முற்படுகிறவன் முதலில் எதிர்கொள்ளும் சங்கடம், அந்தக் குழு தன்னைப் பற்றிச் சேமித்து வைத்திருக்கும் சாட்சியங்களில் ஆட்டத்தைப் பற்றிய செய்தி மிகக் குறைவாகவும், ஆட்டத்துக்காகச் செலவழிந்த காசைப் பற்றிய செய்தி மிக அதிகமாகவும் இருப்பதுதான். எந்த நிமிஷத்தில் யார் கோல் போட்டான் என்பதை ஒருவரும் குறித்து வைப்பதில்லை. ஆனால் புதுப் பந்து என்றைக்கு வாங்கப்பட்டது, பழைய பந்தின் பிளாடருக்கு எத்தனை தரம் ஒட்டுப் போடப்பட்டது, மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு எத்தனை கிலோ, வெளியூர் ஆட்டத்துக்கு வேன் வாடகை எவ்வளவு, இடைவேளையில் பிழிந்து கொடுத்த எலுமிச்சம்பழமும் அதில் கலந்த குளுக்கோஸும் என்ன விலை என்பவையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில், மூன்று நான்கு பேருடைய கையெழுத்தில், சில இடங்களில் அடித்தும் திருத்தியும் எழுதப்பட்டிருக்கும். கோப்பைகள் பொருளாளர் வீட்டு அலமாரியின்மேல் களிம்பேறிக் கிடக்கும். புகைப்படங்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். நோட்டு ஒன்றே சிரத்தையாகப் பேசும். இது ஒரு குறை என்று பலர் நினைக்கக்கூடும். எனக்கோ, கூலி வாங்காமல் ஆடும் ஒரு குழுவின் மெய்யான சரித்திரம் அந்த வரவு செலவுக் கணக்கிலேயே இருக்கிறது என்றும், ஆட்டங்களின் முடிவுகள் அதற்கு எழுதப்பட்ட அடிக்குறிப்புகள் என்றும் தோன்றுகிறது.

கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றான கம்மாபுரமும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் கால்பந்துக்குப் பேர்போன பிரதேசம் என்று சொல்லிவிட முடியாது. இங்கே ஆட்டம் என்றால் ஜனங்களுக்குக் கபடிதான், அதற்கடுத்தபடி கைப்பந்து. கால்பந்து, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் யாரேனும் ஒருவருடைய தனிப்பட்ட பிரியத்தினாலோ, நெய்வேலியில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவருடைய பழக்கத்தினாலோ ஊருக்குள் நுழைந்து, அறுவடை முடிந்த வயலிலும் நீர் வற்றிய ஏரிக்குள்ளும் மூங்கிற்கழிகளை நட்டுக் கோல் கம்பமாக்கிக்கொண்டு, மறு மழை வரும்வரையில் உயிரோடிருக்கும் விளையாட்டு. நெல் தாளின் அடிக்கட்டைகள் காலைக் குத்தும் தரையில் பழகியவனுக்குப் புல்தரை கிடைத்தால் அவன் பந்து அவனுக்கு முன்னே ஓடிவிடுகிறது என்பதை, வெளியூர் ஆட்டங்களுக்குப் போய்த் தோற்றுத் திரும்பிய வாலிபர்கள் எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரி சொல்லக் கேட்கலாம். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் சாக்கும் உண்டு, நிறைய உண்மையும் உண்டு.

இத்தகைய குழு ஒன்று உண்டாவதற்குப் பதினொரு பேர் வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. மெய்யாகப் பார்த்தால், பன்னிரண்டாவதாக ஒருவர் முதலில் வேண்டும். அரிசி மில் வைத்திருப்பவராகவோ, உரக்கடைக்காரராகவோ, சைக்கிள் கடைக்காரராகவோ, சிங்கப்பூரிலிருந்து தம்பி பணம் அனுப்பும் அண்ணனாகவோ இருக்கும் அந்த ஒருவர், தாம் ஒருநாளும் பந்தை உதைத்தறியாதவராயினும், முதற் பந்தை வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அதன் பிறகு பனியனில் அவர் கடையின் பெயர் வருகிறது. பொங்கலை ஒட்டி நடக்கும் போட்டியின் நோட்டீஸில் முதற் பரிசு ரொக்கத்துக்கு உபயம் என்று அவர் பெயரும், சுழற்கோப்பைக்கு உபயம் என்று காலமான அவர் தகப்பனார் பெயரும் வருகின்றன. நோட்டீஸின் மேற்பாதியில் அரசியல் தலைவர்களின் முகங்கள், கீழ்ப்பாதியில் நன்கொடையாளர் பட்டியல், இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட இடத்தில் போட்டி விதிகள் என்ற அந்த அச்சுக் கிரமத்தை நான் பரிகசிப்பதில்லை. கோயில் குழல்விளக்கில் தம் பெயரை எழுதிக்கொள்ளும் மனம்தான் இதுவும். பெயருக்காகக் கொடுக்கப்பட்ட பந்தும் உதைத்தால் உருளத்தான் செய்கிறது. கோப்பைக்குக் கொடுப்பவர் ஆண்டுக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருந்தாலும் குழு நடந்துவிடும். மாதந்தோறும் பந்துக்கும் வேனுக்கும் கொடுத்து வந்தவர் ஒருநாள் நின்றுவிட்டால் குழு நின்றுவிடுகிறது. முன்னவருக்கு மேடையில் பொன்னாடை உண்டு. பின்னவரைப் பெரும்பாலும் மேடைக்குக் கூப்பிட மறந்துவிடுகிறார்கள்.

உள்ளூர்ப் புரவலர் ஒருவரை நம்பிப் பிறக்கும் குழுவின் விதி, நம் பக்கத்துக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தில் லங்காஷயர் பிரதேசத்துப் பிளாக்பர்ன் என்னும் ஆலை நகரத்தில் 1878-ல் தோன்றிய பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற குழுவில் நெசவாலைத் தொழிலாளிகளும் வேறு கைத்தொழிலாளிகளும் ஆடினார்கள். சிட்னி யேட்ஸ் என்ற இரும்பு வார்ப்படச் சாலை முதலாளி அவர்களுக்குப் பக்கபலமாக இருந்தார். 1883-ல் அந்நாட்டின் பெருங்கோப்பைக்கான கடைசி ஆட்டங்கள் நெருங்கியபோது, ஆலைப் புகையிலிருந்து அவர்களை விடுவித்துப் பிளாக்பூல் கடற்கரைக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்ததும் அவருடைய பணந்தான். இறுதி ஆட்டத்தில், ஈட்டன் என்ற மேட்டுக்குடிப் பள்ளியின் பழைய மாணவர்களை, கூடுதல் நேரத்தில், இரண்டுக்கு ஒன்று என்று அவர்கள் ஜெயித்தார்கள். கனவான்களின் ஏகபோகமாக இருந்த கோப்பை உழைப்பாளிகளின் கைக்கு வந்த முதல் சந்தர்ப்பம் அது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1885-ல், ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுப்பது சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. அதிகம் கொடுக்கக்கூடிய பெரிய குழுக்கள் அதே ஊரிலும் அண்டை ஊர்களிலும் இருந்தன. ஒலிம்பிக் குழு 1889-ல் கலைந்து போயிற்று. நாட்டின் தலைசிறந்த கோப்பையை வென்ற குழுவுக்கு மொத்த ஆயுள் பதினொரு வருஷம்.

அதே 1889-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வடகல்கத்தாவில், பெரிய குடும்பங்கள் சிலவற்றின் ஆதரவில், பூபேந்திரநாத் பாசுவைத் தலைவராகக் கொண்டு மோகன் பகான் தோன்றியது. ஒரு மாளிகைத் தோட்டத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட அக்குழு, 1911 ஜூலை 29-ல் கிழக்கு யார்க்ஷயர்ப் படையணியை வென்று கேடயத்தைக் கைப்பற்றிய கதையைத் தமிழ்ப் பத்திரிகைகளும் ஆயிரந்தரம் எழுதியிருக்கின்றன. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பதைச் சொல்லிப் புளகாங்கிதம் அடையாதவர்கள் இல்லை. அங்கேயும் இரண்டுக்கு ஒன்று என்பதே கணக்கு. வெறுங்காலைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் ஆடியதையும், சாரங்கபாணி ராமன் அதில் ஒரு கோல் போட்டதையும், ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றதையும் வீர காவியமாகப் பாடுகிறவர்கள், பழக்கத்தாலும் விருப்பத்தாலும் வெறுங்காலோடு ஆடியவர்களையும், பூட்ஸ் வாங்க முடியாமல் ஆடிய எண்ணற்ற கிராமத்துப் பிள்ளைகளையும் ஒரே பெருமையில் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். பின்னவர்களுக்கு வேண்டியது காவியமன்று, ஒரு ஜோடி பூட்ஸ்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டில் தனிப்பட்ட புரவலரின் ஸ்தானத்தைப் பெரும்பாலும் தொழிற்சாலைகளும் அரசாங்க இலாகாக்களும் எடுத்துக்கொண்டன. சென்னையில் ரயில்பெட்டித் தொழிற்சாலை, தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்க இலாகா, திருவொற்றியூர்த் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குழுவை வைத்துக்கொண்டிருந்தது. பகலில் பேரேடு எழுதி மாலையில் பந்தாடிய மனிதர்களின் காலம் அது. ஆட்டம் ஓய்ந்தபின்னும் ஓய்வூதியம் உண்டு என்ற ஒரு நிச்சயம் அவர்களுக்கு இருந்தது. நம் பிரதேசத்தில் அந்த நிச்சயத்தின் பெயர் நெய்வேலி. 1956-ல் கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டு, மறு வருஷம் மே மாதத்தில் நேருவின் கையால் தோண்டத் தொடங்கிய அந்தப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், கம்மாபுரத்துக்குக் கிழக்கே வயல்களின் முடிவில் மண்மேடுகளை எழுப்பியதோடு, பல ஊர் மனிதர்களை ஒரே நகரியத்தில் குடியேற்றி, அவர்களோடு அவரவர் ஊர் ஆட்டங்களையும் கொண்டுவந்து சேர்த்தது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்கள் இவ்வொன்றியத்தில் பல. நகரியத்துப் பாரதி விளையாட்டரங்கத்தின் ஓரத்தில் நின்று, ஒழுங்காக வெட்டிய புல்லையும் வலை கட்டிய கம்பங்களையும் முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகளும் அதே கிராமங்களில் உண்டு. இந்த இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது என்பதைக் கால்பந்தைப் பற்றிய ஒரு கட்டுரை தீர்மானித்துவிட முடியாது.

நெய்வேலியில் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால், 2018-19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணியில் ஆடினார். 1946-ல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்த அணி, கடைசிக் காலத்தில் கோயம்புத்தூரைத் தன் ஊராக ஏற்றுக்கொண்டு, ஸ்பானியர்களையும் தமிழ்ப் பிள்ளைகளையும் கலந்து ஆடி, 2019 மார்ச் மாதத்தில் தேசியப் பட்டத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் அணி அதில் பங்கு வாங்கிற்று. 2021-22 பருவத்து ஐ-லீகில் அந்த அணி இல்லை. பிளாக்பர்னைப் பற்றிப் படித்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட அதிகம் இராது.

மாவட்டத்துக்குக் கால்பந்தில் ஏதேனும் கீர்த்தி உண்டென்றால் அது வந்த வழி வேறு; அதைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். நம் பொங்கல் போட்டிகளின் நோட்டீஸில் அவர்களுக்கு இடமிருந்ததில்லை, உபயதாரர் பட்டியலின் நீளத்துக்கும் அவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கடலூரில், விளையாட்டுக்கும் கல்விக்குமான இந்திரா காந்தி அகாடமி என்ற பெயரில் இயங்கிய குழு, மாரியப்பன் என்ற பயிற்சியாளரின் கீழ், பெரும்பாலும் வறுமைப்பட்ட குடும்பங்களிலிருந்தும் அரசு விடுதிகளிலிருந்தும் வந்த பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆடியது. தேசியப் பெண்கள் லீக் என்ற போட்டி இந்தியாவில் 2017-ல்தான் பிறந்தது. அதன் இரண்டாவது பருவத்தில், 2018-ல், ஷில்லாங்கில் நடந்த இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்ற ஏழு அணிகளுள் கடலூர் அணியும் ஒன்று. மணிப்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த அணிகளுக்கு மத்தியில், மலைநாட்டுக் குளிரில், வங்கக் கடலோரத்து வெயிலில் பழகிய பெண்கள் நின்றார்கள். பட்டம் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் அணிக்குப் போயிற்று. அந்த ஏழில் தமிழகத்து அணிகள் இரண்டு இருந்தன என்பதை, அப்போது நம் பத்திரிகைகள் எத்தனை அங்குலத்தில் வெளியிட்டன என்று யாரேனும் அளந்து பார்த்தால் நல்லது.

அந்தப் பெண்களுள் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் நிலைத்தார். தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். கொரோனாக் காலத்தில் பந்தை வைத்துவிட்டுச் சென்னைத் தெருக்களில் ஊரடங்குப் பணியில் நின்றவர், 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றார். ஈரானோடு கோலின்றிச் சமன் செய்த ஒரே ஆட்டத்தோடு, அணிக்குள் நோய் பரவியதால், சொந்த மண்ணில் நடந்த அந்தப் போட்டியிலிருந்தே இந்தியா விலக நேர்ந்தது. சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கத்தவர். அரசு விடுதியில் வளர்ந்து, அங்கே மூத்த பெண்கள் பந்தாடுவதைப் பார்த்துத் தாமும் ஆட வந்தவர். அவரும் இந்தியச் சட்டை அணிந்தார். அரசு விடுதி என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பரிதாபத்தோடு உச்சரிக்கிறோம். ஒரே கூரையின்கீழ் இருபது முப்பது பெண்பிள்ளைகள், வேளாவேளைக்குச் சோறு, மாலையில் வீட்டு வேலைக்குக் கூப்பிடாத ஒரு முற்றம், பெரியவள் ஆடச் சின்னவள் பார்த்துக் கற்கும் வசதி ஆகிய இவையெல்லாம் ஒருங்கே அமைந்த இடம் நம் கிராமங்களில் வேறு எங்கே இருக்கிறது? எந்த வீட்டிலும் பதினாறு வயதுப் பெண் மாலை ஐந்து மணிக்கு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டால், வாசலைத் தாண்டுவதற்குள் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். விடுதி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அரிசி மில்லும் உரக்கடையும் செய்யத் தவறிய புரவலர் வேலையை, தான் அதைச் செய்வதாகவே அறியாமல், ஓர் அரசாங்க இலாகாவின் சோற்றுச் செலவு செய்து முடித்தது என்பதே என் கட்சி.

ஆண்களின் மாநில அணி 2012-ல் ஒடிசாவில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் படைத்துறை அணியிடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. அந்தக் கோப்பை இன்றுவரை தமிழகத்துக்கு வந்ததில்லை. பெண்களின் மாநில அணி அதே ஒடிசாவில் 2018 பிப்ரவரியில், அசைக்கமுடியாததென்று கருதப்பட்ட மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது; 2023-ல் ஹரியானாவை அதே கணக்கில் வென்று மறுமுறையும் பெற்றது. இவ்வளவுக்குப் பிறகும் நம் பக்கத்து ஊர்ப் போட்டிகளில் பெண்களுக்கென்று ஒரு பிரிவு வைக்கலாமே என்று சொன்னால், அமைப்பாளர்கள் சிரித்தபடி, யாருண்ணே ஸ்பான்சர் பண்ணுவாங்க என்று திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், கேட்கிறவர்களே அதற்குப் பதிலாக இருக்கிறார்கள் என்பது நீங்கலாக.

இதிலும் ஒரு பழைய கதை உண்டு. பிளாக்பர்னிலிருந்து அதிக தூரமில்லாத பிரெஸ்டன் நகரத்தில், முதல் உலக யுத்த காலத்தில், டிக் கெர் என்ற தொழிற்சாலையில் வெடிகுண்டுச் சாமான் செய்த பெண்கள் 1917-ல் ஒரு குழு அமைத்து, காயமுற்ற சிப்பாய்களுக்காக நிதி திரட்ட ஆடினார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க ஐம்பத்து மூவாயிரம் பேர் கூடினார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 5-ல், பெண்களுக்கு இந்த ஆட்டம் உகந்ததன்று என்று சொல்லி, ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் குழுக்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடிற்று. அந்தத் தடை நீங்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. பார்க்க வந்த ஜனங்கள் போதாமையால் அந்த ஆட்டம் ஒடுங்கவில்லை. நம் ஊரில் தடை எழுதிய காகிதம் எதுவும் இல்லை. நோட்டீஸில் இடமில்லாமையே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஊர்க் குழு என்பது நாற்றங்கால். அங்கேயே கதிர் முற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பவன் விவசாயம் அறியாதவன்; பறித்து வேறு வயலில் நடுவதற்காகவே அது விதைக்கப்படுகிறது. ஆனாலும் நாற்றங்காலுக்கும் தண்ணீர் பாய்ச்ச ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அறுவடையில் பங்கில்லை என்பதால் அவன் வருஷத்துக்கு வருஷம் வருவான் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. தேர்ந்த ஆட்டக்காரியைக் காவல் துறையோ, ரயில்வேயோ, பெரிய அணியோ அழைத்துக்கொள்ளும்போது, அவளை வளர்த்த குழுவுக்கு ஒரு பந்துகூடப் பிரதியாக வருவதில்லை. தொழில்முறைக் கால்பந்தில், ஓர் ஆட்டக்காரரைப் பெரிய அணி எடுத்துக்கொண்டால் அவரைச் சிறுவயதில் பயிற்றுவித்த குழுக்களுக்கு ஈட்டுத் தொகை தரவேண்டும் என்று உலகக் கால்பந்துச் சம்மேளனம் விதி வகுத்திருக்கிறது. பெண்கள் ஆட்டத்துக்கும் விடுதி முற்றத்துக்கும் கோடு போட்ட நோட்டுக்கும் அந்த விதி எட்டுவதேயில்லை. உபயதாரரைத் தேடி அலைவதைக் காட்டிலும், இந்த ஈட்டைக் கேட்டு மாவட்டச் சங்கங்கள் குரலெழுப்புவது பயனுள்ளதாக இருக்கும் என்று நினைக்கிறேன். சங்கங்கள் அவ்விதம் நினைப்பதாகத் தெரியவில்லை.

மதுரையைச் சார்ந்த சேது அணி இதற்கிடையில் ஒரு விதிவிலக்காக நின்று காட்டியிருக்கிறது. 2016-ல், சீனி மொஹைதீன் என்ற கல்வி நிறுவனத்தாரின் ஆதரவில் தொடங்கிய அது, 2019 மே மாதத்தில் லூதியானாவில் மணிப்பூர்க் காவல்துறை அணியை மூன்றுக்கு ஒன்று என்று வென்று தேசியப் பெண்கள் லீக் பட்டத்தை அடைந்தது. கடலூரில் பந்து பழகிய கால்கள் சிலவற்றுக்கும் அது இடங்கொடுத்தது. ஒரே ஊரில் கூடிச் சில வாரங்களில் முடிந்துவந்த அந்த லீக், 2023-24 பருவத்திலிருந்து, ஒவ்வோர் அணியும் தன் ஊரிலும் எதிரி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறைக்கு மாறிற்று. ஆட்டத்துக்கு இது நல்லதுதான்; ஆனால் மைதானம், மருத்துவர், பயிற்சியாளர் உரிமம், ஒவ்வொரு பயணத்துக்கும் முப்பது பேருக்கு டிக்கெட் என்று பார்த்தால், சிறு குழுவின் நோட்டுக்கு இது தாங்காத செலவு. அந்தப் பருவத்தில் ஆடிய ஏழு அணிகளில் தமிழகத்துக்கென்று சேது ஒன்றே இருந்தது. கடலூர்க் குழு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டத்தை ஒடிசா அணி வென்றது, இந்துமதி அந்த அணியில் ஆடினார்.